இடது பெருவிரல்

இன்னும் மூன்று பேர். மூன்று பேர் நகர்ந்தால் அந்தக் கம்பி ஜன்னல், ஜன்னலுக்குள்ளே கிளார்க், கிளார்க்கின் வலது கைப்பக்கம் பேனா, இடது கைப்பக்கம் மை டப்பா. ஆளைப் பார்த்ததுமே எதை நகர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு வந்தவருக்குப் பேனா. நைட்டிக்கு மேலே துண்டு போட்டு வந்த அக்காவுக்கு மை டப்பா, ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. நான் கட்டியிருப்பது வெளிறிப்போன பச்சைச் சேலை, காலில் ரப்பர் செருப்பு, கையில் மஞ்சப்பை. எனக்கு எது வரும் என்று ஜோசியம் பார்க்கவா வேண்டும். மகளுடைய டிசி வாங்க வந்திருக்கிறேன். பத்தாவது முடித்துவிட்டாள் யோகப்பிரியா, நானூற்று அறுபத்தி இரண்டு, பள்ளியில் இரண்டாவது. அதோ எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், போட்டோவோடு. போட்டோவில் முறைத்துக்கொண்டு நிற்கிறாள், என் ஜாடை. இந்தப் பள்ளியில் பத்தோடு சரி. இன்றைக்கு என் கைக்கு வரப்போகும் அந்த ஒரு தாள் இரண்டு இடத்துக்குப் போகலாம். ஒன்று, வேடசந்தூர் மேல்நிலைப் பள்ளிக்கு, பிளஸ் ஒன் சேர்க்கை இன்றோடு முடிகிறது. இல்லையென்றால் நூல் மில்லுக்கு, வயசுச் சான்று என்று ஒரிஜினலையே வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள், திங்கட்கிழமை காலையில் முக்கு ரோட்டுக்கு மில் வேன் வந்துவிடும். தாள் ஒன்று, இடம் இரண்டு. அதைக் கையில் வாங்கப் போகிறவள் நான். இதைத்தான் காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாங்கப் போகிறவள் நான், நான்தான், என்னைத் தவிர யாருமில்லை, பயப்படாதே நாகஜோதி.

பயம் என்னவோ இருக்கத்தான் செய்கிறது. இல்லை என்று சொன்னால் இந்த பெஞ்சே சிரிக்கும். வெளியே டீக்கடையில் அவர் இருக்கிறார், வீரணன், என் வீட்டுக்காரர், கூடவே மில் ஏஜெண்டு குருவம்மா மதினி. மதினி ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கிறது. கேட்டால், "நம்ம ஊருப் பிள்ளைகளுக்கு நான் நல்லதுதானே செய்றேன் ஜோதி, ஹாஸ்டல் இருக்கு, வார்டன் இருக்கு, கேட்டைத் தாண்ட விடமாட்டாக" என்று சொல்லும். கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மதினியால்தான் முடியும். இவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர், வயசுப் பிள்ளை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், மில் என்றால் நாலு சுவருக்குள்ளே பத்திரம். கெட்ட மனிதர் இல்லை இவர். கை நீட்டியதில்லை. ஊரில் அதையே பெரிய பட்டமாகச் சொல்வார்கள், அடிக்காத புருஷன் கிடைத்திருக்கிறான் என்று, அடிக்காமல் இருப்பதற்கு ஒரு மாலை போடலாம் போல. பள்ளிக்கூடம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. மூன்றாவதில் வாத்தியார் சட்டையைப் பிடித்து வெளியே நிறுத்தினாராம், அன்றைக்கு இறங்கிய படி இன்னும் ஏறவில்லை. அதனால்தான் என்னை உள்ளே அனுப்பினார். "நீ போய் விரல வச்சிட்டு வாங்கிட்டு வந்துரு. பேசுறதுக்கு எதுவும் இல்ல. விரல வை, தாள வாங்கு, வா." விரலை வை. பதினேழு வருஷமாக அந்த வீட்டில் நான் செய்த வேலைகளிலேயே சுலபமான வேலை அதுதான், விரலை வைப்பது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள். பதினேழு வருஷம் ஒரே பாயில் படுத்தவருக்குத் தெரியாமல் மனதில் ஒரு ஆளை ஒளித்து வைத்திருக்கலாம், எழுத்தை ஒளித்து வைக்க முடியுமா என்பார்கள். முடியும். நான் செய்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு தரகர் எங்கப்பா காதில் போட்டார், மாப்பிள்ளை மூன்றாவதோடு சரி, கைநாட்டு, பொண்ணு பத்தாவதுன்னு தெரிஞ்சா அவங்காத்தா எந்திரிச்சுப் போயிரும். அப்பா ஒரு நிமிஷம்தான் யோசித்தார். அந்த ஒரு நிமிஷம் நான் கதவுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்றேன், டம்ளர் சூடு இன்னும் விரலில் இருக்கிறது. "பொண்ணு ரெண்டாப்புதாங்க. அதுவும் பாதியில நின்னுருச்சு" என்றார். மூன்றுக்குக் கீழே இரண்டு. ஒரு படி கீழே இருந்தால்தான் குடும்பம் நிமிர்ந்து நிற்குமாம். எட்டு வகுப்பை அப்பா ஒரே மூச்சில் அழித்தார். எட்டு வருஷம் நான் நடந்த நடை, மழையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் தாண்டியது, தமிழம்மா என் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியது, நானூற்று முப்பத்தி ஒன்று, எல்லாம் ஒரே மூச்சில். அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "வாய்தவறிக்கூட சொல்லிறாத தாயி, உன் வாழ்க்கை" என்றாள். என் வாழ்க்கையாம். அதை ஆளாளுக்குப் பங்கு போட்டு வைத்துக்கொண்டு என்னிடம் காவல் காக்கச் சொன்னார்கள். நானும் காத்தேன். இதோ இப்போதும் காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், மஞ்சப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

இன்னும் இரண்டு பேர். மின்விசிறி கிளார்க்குக்கு மட்டும் காற்று வீசுகிறது. மையின் வாசம் இங்கே வரைக்கும் வருகிறது, அது எனக்குப் பழகிய வாசம். முதல் தடவை கோயில் பதிவேட்டில். தாலி கட்டி முடித்த கையோடு இவர் விரலை அமுக்கினார், எழுத்தர் அதே டப்பாவை என் பக்கம் திருப்பினார், நான் மேஜையில் கிடந்த பேனாவைப் பார்த்தேன், அம்மா பின்னாலிருந்து முழங்கையில் கிள்ளினாள். வைத்தேன். பிறகு ரேஷன் கார்டு, பிறகு பிரசவ வார்டு, பிறகு நூறுநாள் வேலை, பிறகு இதே பள்ளியில் யோகுவைச் சேர்க்கும்போது. ஒவ்வொரு தடவையும் மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொள்வேன், எல்லாப் பெண்களும் அப்படித்தான் துடைக்கிறார்கள், வேறு துணி ஏது. நூறுநாள் வேலையில் மேற்பார்வைக்கு வந்த பெண் ஒருநாள், "கையெழுத்தாவது கத்துக்கக் கூடாதாக்கா, அசிங்கமா இல்லையா" என்று கேட்டாள். சின்னப் பெண். அவள் நோட்டில் என் பெயருக்கு எதிரே வயதைத் தப்பாக எழுதியிருந்தாள், மூன்று வருஷம் கூட்டி. தலைகீழாகவே படித்துவிட்டேன். சிரித்தேன். சிரித்துச் சிரித்தே என் பல்லெல்லாம் தேய்ந்து போயிருக்க வேண்டும். வடை கட்டி வரும் பேப்பரை அடுப்பில் போடும் முன் படிப்பேன், எண்ணெய்க்கு அடியில் தெரிகிற மட்டும். பாதிக் கொலை, பாதிக் கல்யாணம், பாதிச் சமையல் குறிப்பு, ஒன்றுக்கும் முடிவு தெரியாது. அந்தக் கதைகளையெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போது நானே முடித்துக்கொள்வேன். என்னுடைய டிசி இருக்கிறதே, அதை வாங்க யாருமே போகவில்லை. பத்தாவது ரிசல்ட் வந்த மறு மாதமே படிப்பு போதும் என்றாகிவிட்டது. போதும் என்றான பிறகு டிசி எதற்கு. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏதோ ஒரு பீரோவில் என் பெயர் போட்ட தாள் இன்னும் கிடக்கும், இல்லையென்றால் கரையான் தின்றிருக்கும். பிள்ளை இன்னும் வரவில்லையே என்று அந்தப் பள்ளிக்கூடம் காத்திருக்கிறது என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். பைத்தியம். பள்ளிக்கூடம் யாருக்கும் காத்திருக்காது. ஜூன் மாதம் வந்தால் புதுப் பிள்ளைகள்.

சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன், சாகிற வரைக்கும். ஒன்றே ஒன்றைத்தான் சிரித்துக் கழிக்க முடியவில்லை. அந்த பஸ். நினைக்க வேண்டாம், இப்போது வேண்டாம் என்றால் இப்போதுதான் வரும். யோகுவுக்கு எட்டு மாதம். காய்ச்சல், உடம்பு தொட முடியவில்லை, கண் மேலே சொருகுகிறது. மாமியாரும் நானும் இதே ஸ்டாப்பில், இந்தப் பள்ளி கேட்டுக்கு எதிரே, வேடசந்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக நிற்கிறோம். பஸ் வந்தது. மாமியார் பக்கத்தில் நின்ற ஆளிடம், "யப்பா, இது வேடசந்தூர் போகுமா" என்று கேட்டது. அந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டே "போகும் போகும், ஏறுங்க" என்றான். முன்னாடி போர்டில் இத்தனை பெரிதாக எரியோடு என்று வேறு ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. சிவப்பு எழுத்து. நான் படித்தேன். பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதன் சூடு ரவிக்கையைத் தாண்டிச் சுட, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திறந்தால் அப்பாவின் மானம். திறந்தால் என் வாழ்க்கை. மாமியார் ஏறியது, நானும் ஏறினேன். ஏறினேனே, சண்டாளி. ஆறாவது ஸ்டாப்பில் டிக்கெட் கேட்கும்போதுதான் விஷயம் தெரிந்தது, இறக்கிவிட்டான், வெயிலில் எதிர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் ஸ்டாப் பலகையிலிருந்த எழுத்தைத் தொட்டுச் சாமிக்கு நேர்ந்துகொண்டேன், இவள் பிழைத்தால் இவள் வாயை யாரும் அடைக்க விடமாட்டேன் என்று. பிழைத்தாள். டாக்டர் திட்டினார், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வரக் கூடாதா, படிப்பறிவு இல்லாத ஜனங்க" என்று. தலையைக் குனிந்துகொண்டேன். படிப்பறிவு இருந்தது டாக்டர். அதைக் காட்டும் தைரியம்தான் இல்லை.

யோகுவுக்குத் தெரியும். அவளிடம் மட்டும் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது படிக்கிறாள், வாசல் பக்கம் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்துகிறாள், பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழில் வந்து நிற்கிறாள், நிற்கிறாள், மறுபடி முதலிலிருந்து வந்து அங்கேயே நிற்கிறாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டே, "தொண்ணூத்தி ஒண்ணுடி" என்றுவிட்டேன். சத்தம் நின்றது. பக்கம் புரட்டும் சத்தம். பிறகு எட்டிப் பார்த்தாள், அந்த முறைப்போடு. "உனக்கு எப்படித் தெரியும்மா?" "கடைக்காரர் சொன்னாரு" என்றேன், கடைக்காரருக்கும் பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்கும் என்ன சம்பந்தமோ. அன்றைக்குப் பிறகு அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். படித்து முடித்த புத்தகத்தை மூட மாட்டாள். அடுப்புக்கு எதிரே, எனக்கு நேராகத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணிக்குப் போவாள். திரும்பி வந்து, பக்கம் மாறியிருந்தால் அடுத்ததைத் திறந்து வைப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை இருவரும். நாலாவது, அஞ்சாவது, எட்டாவது என்று நானும் அவளோடு ஏறினேன். அறிவியல் புத்தகத்தில் இதயத்தின் படம் போட்ட பக்கத்தில் என் கரி விரல் பதிந்துவிட்டது, மிஸ் கேட்டதற்கு நாய் மிதித்துவிட்டது என்றாளாம். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. நேற்று முன்தினம் இவர் மில் விஷயத்தை முடிவாகச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவள் அழவில்லை, என்னிடம் வந்து கெஞ்சவுமில்லை. தன் மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வந்து அடுப்புக்கு எதிரே, எனக்கு நேராக வைத்துவிட்டுத் தண்ணிக்குப் போனாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருத்தி எப்படிக் கேட்க முடியும்.

இப்போது அவள் கருப்பணசாமி கோயில் முக்கில் நிற்கிறாள், இங்கிருந்து அடுத்த ஸ்டாப், இவர் கண்ணில் படாத இடம். நான்தான் சொன்னேன். "பதினொண்ணே முக்கா பஸ்ஸுல வருவேன். மார்க் ஷீட்ட எடுத்துக்க. கேட்டா சாமி கும்பிட வந்தேன்னு சொல்லு." காலையில் சொல்லும்போது எவ்வளவு தெம்பாகச் சொன்னேன். மணி பதினொன்றரை ஆகப்போகிறது. முன்னால் ஒரே ஒருத்தி. ஜன்னலுக்குள்ளே தெரிகிறது, கிளார்க் ஒரு கட்டு விண்ணப்பத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. தலைகீழாகப் படிப்பதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே. பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்று ஒரு கட்டம். பையன்கள் தாளிலெல்லாம் மேற்படிப்பு. பெண் பிள்ளைகள் தாளிலெல்லாம் பெற்றோர் விருப்பம். ஒவ்வொன்றிலும், ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், பெற்றோர் விருப்பம், பெற்றோர் விருப்பம். யாரையும் கேட்டு எழுதவில்லை. யார் விருப்பம்? யோகுவைப் பெற்றவள் நான், என் விருப்பத்தை இவர் எப்போது கேட்டார்? என் வீட்டிலும் என்னைக் கேட்டுத்தானா எழுதினார்கள்? அது வெறும் கட்டம், நாகஜோதி. யாரும் படிக்கப் போவதில்லை. பேசாமல் விரலை வைத்துத் தாளை வாங்கி, பின் கேட் வழியாகப் போய் பஸ் ஏறிவிடு. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ரகசியமும் தப்பும். இவர் கேட்டால் தாள் நாளைக்குத்தானாம் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல யோசனை. அவ்வளவு நல்ல யோசனைதான் அந்த பஸ்ஸில் ஏறும்போதும் தோன்றியது. அங்கே வேடசந்தூரில் இன்னொரு ஜன்னல் இருக்கும், இன்னொரு டப்பா இருக்கும். பிளஸ் ஒன் சேர்க்கைத் தாளில் மகள் பெயருக்குக் கீழே மறுபடி விரலை வைத்துவிட்டு, "நீ படிடி, படிச்சாத்தான் தலை நிமிர முடியும்" என்று எந்த முகத்தோடு அவளுக்குச் சொல்வேன்? புத்தகத்தைத் திறந்து வைத்தவள் அவள். அவளுக்கு முன்னால் மூடிக்கொண்டு நிற்கவா? அப்பா செத்து நாலு வருஷமாயிற்று. செத்தவர் மானத்தை உயிரோடு இருப்பவள் எத்தனை காலம் தூக்கிச் சுமப்பாள். தெரியட்டும். ஊர் சிரிக்கட்டும். பதினேழு வருஷம் நான் சிரித்தேன், இனி அவர்கள் முறை.

"பிள்ள பேரு?" "யோகப்பிரியா, வீ. பத்தாவது ஏ." கட்டிலிருந்து உருவினார், பெற்றோர் விருப்பம் எழுதிய தாள், ஜன்னல் வழியாகத் தள்ளினார், கூடவே டப்பா. இடது கையால், என்னைப் பார்க்காமலே. நான் டப்பாவை ஒரு விரலால் அவர் பக்கமே தள்ளினேன். அப்போதுதான் நிமிர்ந்தார். "பேனா குடுங்க சார்." "கையெழுத்துப் போடுவியாம்மா?" "போடுவேன். அதுக்கு முன்னாடி இந்தக் கட்டத்துல தப்பா எழுதியிருக்கு, அடிச்சுட்டு எழுதணும்." கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "எந்தக் கட்டம்?" "பள்ளியை விட்டு நீங்கும் காரணம். பெற்றோர் விருப்பம்னு போட்டிருக்கீங்க. மேற்படிப்பு. என் மக பிளஸ் ஒன் சேரப் போறா." "என்ன எழுதுனா என்னம்மா, யாரு பாக்கப் போறா?" "நான் பாப்பேன் சார்." குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் கீச்சென்று. பேனா வந்தது. பதினேழு வருஷத்தில் கரியும் பல்பமும்தான் பிடித்திருக்கிறேன், யோகுவின் சிலேட்டில், யாரும் இல்லாத மத்தியானங்களில். கோடு போட்டு அடித்தேன். மேற்படிப்பு என்று எழுதினேன். எழுத்து பத்தாவது படிக்கும் பிள்ளை எழுத்து போல இருந்தது, அங்கேயே நின்றுபோன எழுத்துதானே. கீழே வீ. நாகஜோதி என்று போட்டேன். கிளார்க் சும்மா விடுவாரா. பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிப் போட்டுப் புரட்டினார். "இங்க பாரும்மா. ஆறாவது சேர்க்கும்போது தாயார்னு கைநாட்டு இருக்கு. இப்ப கையெழுத்துப் போட்டா எப்படி ஒத்துப்போகும்? நீதான் தாயாருன்னு நான் எப்படி நம்புறது? விரல வச்சாத்தான் குடுப்பேன்." இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. எழுதத் தெரியாது என்று நான் சொன்ன பொய் ரிஜிஸ்டரில் ஏறி உண்மையாகிவிட்டது, எழுதத் தெரியும் என்ற உண்மைக்கு இங்கே சாட்சி இல்லை.

"என்னடி இம்புட்டு நேரம்?" பின்னால் இவர். பள்ளிப் படி ஏறி வந்திருக்கிறார், செருப்பை வராந்தாவுக்கு வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்கு வந்தவர் போல. கிளார்க்குக்கு ஆள் கிடைத்தது. "நீங்கதான் அப்பாவா? உங்க வீட்டம்மா கையெழுத்துப் போடுறாங்க, ரிஜிஸ்டர்ல கைநாட்டுல்ல இருக்கு." இவர் சிரித்தார், சங்கடமான சிரிப்பு. "அவளுக்குத் தெரியாதுங்க சார். ரெண்டாப்பு." பிறகு என் கையில் பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஈரம் காயாத அந்த எழுத்தைப் பார்த்தார். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். "டப்பாவக் குடுங்க சார்" என்றேன். "ரிஜிஸ்டர்ல இருக்குறவளும் நான்தான். ஒத்துப் பாத்துக்கங்க." இடது பெருவிரலை மையில் உருட்டி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில், தொடாமல், அழுத்தி வைத்தேன். "ரெண்டும் இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கங்க. தாளக் குடுங்க." கிளார்க் ரிஜிஸ்டரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ரேகை பார்த்துப் புரிந்துகொள்ள அவர் என்ன போலீசா. எழுந்து எச்.எம். அறைக்குப் போனார். திரும்பி வரும்போது டிசி கையில் இருந்தது, சீல் போட்டு, ஈரமாக. வாங்கினேன். மையைத் துடைக்கக் கை தானாகத் தலைக்குப் போனது. நிறுத்தினேன். விரலில் அப்படியே இருக்கட்டும்.

கேட்டுக்கு வெளியே குருவம்மா மதினி கையை நீட்டிக்கொண்டு வந்தது. "குடு ஜோதி, ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினல இன்னைக்கே மில்லுல சேத்துருவோம்." நான் கொடுக்கவில்லை. இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதுல என்ன எழுதிருக்கு?" என்று கேட்டார், மெதுவாக. ஒரு பொய் போதும். மில்லுக்குத்தான் என்று சொல்லலாம், அவரால் படித்துப் பார்க்க முடியாது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதென்று நடித்தேன், இனி அவருக்குத் தெரியாது என்பதை வைத்து ஏய்க்கலாம். சே. தாளைப் பிரித்து, மை விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, முதல் வரியிலிருந்து படித்தேன், உரக்க, வகுப்பில் படிப்பது போல. மாணவி பெயர் யோகப்பிரியா. தந்தை பெயர் வீரணன். தன் பெயரைக் கேட்டதும் அந்த இடத்தில் என் விரலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறந்த தேதி. அங்க அடையாளம், வலது முழங்கையில் ஒரு மச்சம். "மச்சமா?" என்றார். "ஆமா. பொறந்ததுல இருந்து இருக்கு." கடைசிக்கு முந்தின வரி. பள்ளியை விட்டு நீங்கும் காரணம், மேற்படிப்பு. மதினி, "இதென்ன கூத்து, நான் மில்லுல சொல்லியாச்சு" என்று இவர் பக்கம் திரும்பியது. இவர் மதினியைப் பார்க்கவில்லை. "எத்தனாப்பு படிச்ச?" "பத்து. நானூத்தி முப்பத்தொண்ணு." அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "எங்கிட்ட ஏன் சொல்லல?" "நீங்க என்னக் கேக்கல. பொண்ணு பாக்க வந்தவுக எல்லாரும் எங்கப்பாவத்தான் கேட்டீங்க." இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது, பளிச்சென்று, குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

பஸ் வந்தது. மதினி என் கையைப் பிடித்தது, பிடியை உதறினேன், தாள் கசங்கவில்லை. இவர் தடுப்பார் என்று தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வெறுங்காலோடு நின்றார், செருப்பை வராந்தாவிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார். சாயந்திரம் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பேசாமல் இருக்கலாம், மாமியாரைக் கூட்டி வைத்து நியாயம் கேட்கலாம், எங்கப்பாவை ஏமாற்றுக்காரர் என்று ஊர் கூட்டிச் சொல்லலாம். சொல்லட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். பக்கத்தில் கிழவி ஒருத்தி கூடையோடு பஸ்ஸை நிமிர்ந்து பார்த்து, "தாயி, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று என்னைக் கேட்டாள். போர்டைப் பார்த்தேன். அதே மாதிரி சிவப்பு எழுத்து. "வேடசந்தூர்" என்றேன், வீதிக்கே கேட்கும்படி. "எழுதிருக்கு பாரு ஆத்தா, வேடசந்தூர். ஏறு." அவளை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். கண்டக்டர் வந்தார். "ரெண்டு மகளிர் டிக்கெட் குடுங்க. இன்னொரு ஆளு கோயில் முக்குல ஏறும்." "ஏறட்டும்மா, ஏறுனப்பறம் தாரேன்." "ஏறுவா" என்றேன்.